சூரியன் சின்னது, வானம் பெரியது

மாலை நிகழ்ச்சி நடத்தும் வானொலிப் படைப்பாளர்களுக்கு ஒரு தொழில்முறைச் சாபம் உண்டு. ஊரே அஸ்தமனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நாங்கள் சன்னல் இல்லாத ஒலிப்பதிவுக்கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதை ஈடுகட்டுவது நேயர்கள்தான். ஏழு மணி ஆனதும் நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணில் ஆரஞ்சு நிறம் கொட்ட ஆரம்பிக்கும். ஈசூனில் ஒரு வானம், பிடோக்கில் ஒரு வானம், எங்கள் பூன் லேயில் ஒரு வானம்.

படத்தோடு வழக்கமாக ஒரு புலம்பலும் வரும். "நேர்ல பாத்தப்ப அவ்ளோ அழகா இருந்துச்சு அக்கா, படத்துல ஏன் இப்படி வந்திருக்கு?"

நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில். கூடவே, யாரும் கேட்காத இன்னொரு கேள்விக்கும்.

ஏன் இங்கே ஏழு மணிக்கு?

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதலில் ஆச்சரியப்படும் விஷயம் இதுதான். "பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கீங்க, ஆறு மணிக்கு இருட்ட வேண்டாமா?" இருட்ட வேண்டும்தான். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. மலேசியா முழுவதும் ஒரே நேரத்துக்கு மாறியபோது நாமும் மாறினோம். நாம் இருக்கும் தீர்க்கரேகையின்படி கிரீன்விச்சை விட ஏழு மணி நேரம்தான் முந்தியிருக்க வேண்டும். எட்டு மணி நேரம் முந்தியிருக்கிறோம். அதனால் நம் நண்பகலே ஏறக்குறைய ஒரு மணிக்கு வருகிறது. அஸ்தமனம் ஏழு மணியை ஒட்டி வருகிறது. ஆண்டு முழுவதும் பார்த்தால் நவம்பர் தொடக்கத்தில் 6.46 வாக்கில், பிப்ரவரி நடுவில் 7.20 வாக்கில். இவ்வளவுதான் வித்தியாசம்.

படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு சிரமமும் இருக்கின்றன. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்குச் சூரியன் காத்திருப்பது வசதி. அது மிக வேகமாக மறைவது சிரமம். ஐரோப்பாவில் கோடைச் சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்கும். நம்மூரில் மின்தூக்கியில் இறங்குவதுபோல் நேர்க்குத்தாக இறங்கும். அடிவானத்தைத் தொட்ட பிறகு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல். முழு வட்டமும் போய்விடும். அதன் பிறகு சுமார் 20 நிமிட அந்தி. 'காப்பி வாங்கிட்டு வந்து எடுக்கலாம்' என்று காப்பிக்கடைக்குப் போனால் திரும்பி வரும்போது விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. சூரியன் அடிவானத்தைத் தொடுவதாக நாம் பார்க்கும் நேரத்தில், உண்மையில் அது ஏற்கெனவே கீழே போய்விட்டது. காற்று மண்டலம் ஒளியை வளைத்து, மறைந்த சூரியனை நமக்குத் தூக்கிக் காட்டுகிறது. அந்த வளைவின் அளவும் சூரியனின் விட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான், அரை பாகை. ஆக, அஸ்தமனப் படத்தில் முதல் எடிட்டிங் செய்வது வானமே.

வைட் ஆங்கிள் செய்யும் துரோகம்

இப்போது அந்தப் புலம்பலுக்கு வருவோம். நேரில் பெரிதாகத் தெரிந்த சூரியன் படத்தில் ஏன் கடுகு அளவில் இருக்கிறது?

கைபேசியில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதுதான் வைட் ஆங்கிள் எனப்படும் அகலக்கோண லென்ஸ். 2019இல் வந்த ஐஃபோன் 11 முதல் இது சாதாரண மக்களின் கைக்கு வந்துவிட்டது. கேமரா மொழியில் சொன்னால் 13 மி.மீ. லென்ஸ், மூலைக்கு மூலை 120 பாகையை அள்ளிக்கொள்ளும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் 14 முதல் 24 மி.மீ. வரை உள்ள லென்ஸ்களை இந்த வகையில் சேர்ப்பார்கள்.

இத்தனை பெரிய பாத்திரத்தில் அரை பாகைச் சூரியனைப் போட்டால் என்ன ஆகும்? 24 மி.மீ. லென்ஸில், படத்தின் அகலத்தில் சூரியன் பிடிக்கும் இடம் ஒரு விழுக்காடுகூட இல்லை. நம் கண்ணும் மனமும் பிடித்ததைப் பெரிதாக்கிப் பார்க்கும். லென்ஸுக்கு அந்தப் பாசம் கிடையாது. சூரியன் பெரிதாக வேண்டுமென்றால் 200 மி.மீ.க்கு மேல் உள்ள நீண்ட லென்ஸ் வேண்டும்.

ஆகவே முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இது: அகலக்கோணப் படத்தில் சூரியன் கதாநாயகன் அல்ல, விளக்குப் பிடிப்பவர். அந்த வெளிச்சம் எதன்மீது விழுகிறதோ, அதுதான் கதை.

தொல்காப்பியர் சொல்லிக்கொடுத்த பாடம்

ஊடகப் படிப்பில் படக்கட்டமைப்பு என்ற பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு விதி, வழிநடத்தும் கோடுகள், முன்களம், இடைக்களம், பின்களம் என்றெல்லாம் படித்தேன். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு விஷயம் விளங்கியது பள்ளித் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்று சொற்களை அதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான்: முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்.

முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். அஸ்தமனத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் தனிப் பெயரே இருக்கிறது: எற்பாடு. எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்தல். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது அது. கருப்பொருள் என்றால் அந்த நிலத்தில் உள்ளவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம். உரிப்பொருள் என்றால் அந்த இடத்தில், அந்தப் பொழுதில் மனிதருக்குள் நடப்பது.

நமக்கு வரும் அஸ்தமனப் படங்களில் பெரும்பாலானவற்றில் முதற்பொருள் மட்டும்தான் இருக்கிறது. கொஞ்சம் வானம், கொஞ்சம் இருட்டு. அது எந்த ஊர், யாருடைய வானம் என்று எதுவும் இல்லை. கருப்பொருள் ஒன்றைச் சேருங்கள், படம் உடனே ஊர்பேர் சொல்லும். பூன் லேயின் கருப்பொருள் என்ன? மரம் என்றால் குடை விரித்த தூங்குமூஞ்சி மரம். பறவை என்றால் சாயங்காலச் சந்தை இரைச்சலோடு மரத்தில் அடையும் மைனாக்கள். உணவு என்றால் பூன் லே பிளேஸ் உணவங்காடியில் நாசி லெமாக்குக்கு நிற்கும் வரிசை. தொழில் என்றால் சொல்லவே வேண்டாம். மேற்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைதான்.

அகலக்கோண லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கும். அதனால் முன்களத்தில் ஏதும் இல்லாவிட்டால் படம் காலியாகத் தெரியும். ஒன்றின் அருகே போய், குனிந்து எடுங்கள். மழை விட்ட மாலையில் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் தேங்கியிருக்கும் தண்ணீரே போதும். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தண்ணீருக்கு ஒரு விரல் உயரத்தில் கொண்டுபோனால், அந்தச் சின்னக் குட்டை ஏரியாகிவிடும். முழு வானமும் அதில் இறங்கிவிடும்.

உரிப்பொருளுக்கு மனிதர் வேண்டும். முகம் தெரியத் தேவையில்லை, நிழலுருவே போதும். சிங்கப்பூரின் மூத்த புகைப்படக் கலைஞர் இப் சியோங் ஃபன் 1957இல் எடுத்த 'ரோயிங் அட் டான்' இந்த நாட்டின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. பெயரே சொல்கிறது, அது விடியலை மட்டும் காட்டும் படமல்ல. விடியலில் துடுப்புப் போடும் வேலை. 1984இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. கடலும் வானமும் அன்றும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தன. அவர் அங்கே மனிதரைப் பார்த்தார்.

எங்கே நிற்பது?

மேற்கு வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஜூரோங் லேக் கார்டன்ஸ். சீனத் தோட்டத்துப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் ஏரிக்கு அப்பால் சூரியன் இறங்கும். இந்த ஏரி இயற்கையாக வந்ததல்ல. ஜூரோங் ஆற்றை அணைகட்டித் தடுத்து உருவாக்கியது. எதிர்க்கரையில், 2019இல் திறந்த லேக்சைட் தோட்டத்தில் நிற்கிறீர்கள் என்றால் வேறு உத்தி. சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கடைசி வெயில் ஏரியைத் தாண்டிப் போய்ச் சீனத் தோட்டத்தின் ஏழு அடுக்குப் பகோடாவைப் பொன்னாக்குவது தெரியும். அஸ்தமனத்தில் மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் பாதிக் காட்சியை இழக்கிறார்கள்.

இரண்டாவது, துவாஸ். 2017இல் திறந்த துவாஸ் லிங்க் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில்தான் ராஃபிள்ஸ் மரினாவும் அதன் கலங்கரை விளக்கமும். எதிரே ஜொகூர், ஒரு பக்கம் 1998இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம். தண்ணீர்மேல் சூரியன் இறங்குவதை இந்தத் தீவில் இப்படிப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. துவாஸ், ஜூரோங் பக்கம் 'பாதுகாக்கப்பட்ட இடம், படம் எடுக்கக்கூடாது' என்ற பலகைகள் உண்டு. அவற்றைப் பார்த்தால் கேமராவைப் பையில் வையுங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுபவர்கள் தெங்கா விமானத் தளம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் முடியாது.

மூன்றாவது இடத்துக்குப் பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம்: உங்கள் புளோக்கின் பொதுத் தாழ்வாரம் அல்லது பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம். சுவர்மேல் மட்டும் ஏறாதீர்கள். எந்தப் படமும் அதற்குத் தகுதியானதல்ல.

எங்கே நின்றாலும் அகலக்கோண லென்ஸை மேலே சாய்க்காதீர்கள். சாய்த்தால் வீவக புளோக்குகள் எல்லாம் ஒன்றையொன்று கும்பிடுவதுபோல் உள்நோக்கிச் சரியும். கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். கீழே வீணாகத் தரை வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். மனிதர்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். ஓரத்தில் நிற்பவரை லென்ஸ் இழுத்து அகலமாக்கிவிடும். அப்புறம் அவர் உங்களோடு பேசமாட்டார்.

வெளிச்சத்தைச் சமாளிப்பது

அஸ்தமனத்தில் வானம் மிகப் பிரகாசம், தரை மிக இருட்டு. கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானத்தைத் தேர்ந்தெடுங்கள். இருட்டில் ஒளிந்திருப்பதைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெள்ளையாக வெந்துபோன வானத்தை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. கைபேசியில் சூரியனுக்குப் பக்கத்து மேகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கேமராவில் 'ரா' கோப்பாக எடுங்கள்; ஒரே காட்சியைக் குறைவு, நடு, அதிகம் என்று மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்து வைத்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மேல்பாதி மட்டும் கறுத்திருக்கும் பட்டைக் கண்ணாடி ஒன்று கடையில் கிடைக்கும். திறந்த கடலுக்கு அது அருமை. நம் அடிவானமோ நேர்க்கோடு அல்ல, பல்வரிசை. கண்ணாடியின் கறுப்பு, புளோக்குகளின் மேல்மாடிகளையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். நமக்கு மூன்று படம் எடுக்கும் முறையே நல்லது.

வண்ணச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். 'இவ்வளவு ஆரஞ்சா? ஏதோ தப்பு' என்று கேமரா தானே முடிவெடுத்து நீலத்தைக் கலந்துவிடும். 'பகல் வெளிச்சம்' என்ற அமைப்பில் வைத்தால் பார்த்தது வரும்.

ஒளியை வடிகட்டும் போலரைசர் கண்ணாடி பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் பின்னணியில் நம்மவர் ஒருவரின் கதை இருக்கிறது. கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று ரேலி பிரபு சொல்லியிருந்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பை அது வடிகட்டிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. அந்தக் கேள்வியில் தொடங்கிய பாதைதான் 1930இல் நோபெல் பரிசில் போய் முடிந்தது. அதே வேலையைத்தான் போலரைசர் செய்கிறது. தண்ணீரின் பளபளப்பை நீக்கும். ஆனால் அஸ்தமனத்தில் அந்தப் பளபளப்புதானே நமக்கு வேண்டும்? அதோடு அகலக்கோண லென்ஸில் அதைப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மேசையில் செய்யும் வேலை

எடிட்டிங் என்றாலே ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்செல் ஆடம்ஸின் மிகப் புகழ்பெற்ற படம், 1941 நவம்பரில் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டெஸ் என்ற சிற்றூரில் எடுத்தது. கீழே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் சாயும் வெயிலின் கடைசி ஒளி, மேலே நிலவு. அவசரத்தில் ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் பிரகாச அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்துக் கணக்குப்போட்டு எடுத்தார். அதன்பின் பல ஆண்டுகள் அந்த நெகட்டிவை அச்சிட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பகால அச்சுகளில் வானம் வெளிறியிருக்கும், மேகம் தெரியும்; பிற்கால அச்சுகளில் அது கறுத்து ஆழமாகிவிட்டது. நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, அச்சு என்பது கச்சேரி என்று பியானோ படித்த அவர் நினைத்தார். வானத்தைக் கறுப்பாக்கினார். ஆனால் நிலவை இடம் மாற்றவில்லை, சிலுவைகளை அழிக்கவில்லை.

என் வரிசை இதுதான். முதலில் அடிவானத்தை நேராக்குவது. பிறகு வெட்டுவது. பிறகு பிரகாசமான இடத்தை அடக்கி, இருண்ட இடத்தைச் சற்றே தூக்குவது. அளவு மீறினால் கட்டட விளிம்புகளில் வெள்ளையாக ஒளிவட்டம் கட்டும். சாமி படம் மாதிரி. அதைக் கண்டால் பாதிக்குக் குறைத்துவிடுங்கள். வண்ணத்தைக் கடைசியில் தொடுங்கள். வெள்ளைச் சுவர் மாம்பழமாக மாறியிருந்தால் அதிகம் என்று பொருள். முடித்தவுடன் அனுப்பாதீர்கள். இரவில் பார்க்கும் கண் வேறு. மறுநாள் காலை காப்பியோடு ஒருமுறை பாருங்கள், கை தானாகவே குறைக்கும்.

எதை அழிக்கிறோம்?

யாரும் கேட்காத கேள்வி இதுதான்.

அகலக்கோணத்தில் எல்லாமே வந்து விழும்: பாரந்தூக்கி, புகைபோக்கி, குப்பைத்தொட்டி, லாரி, யாரோ இரண்டு பேர். முன்பெல்லாம் அவற்றை நீக்கக் கைத்தேர்ச்சி வேண்டும். 2020இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே மாற்றும் வசதி வந்தது. 2021இல் கூகல் பிக்சல் கைபேசியில் விரலால் வட்டம் போட்டால் ஆள் மறையும் வசதி வந்தது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் செய்கிறார்கள்.

நிகழ்ச்சிக்குத் தவறாமல் படம் அனுப்பும் ஒரு தம்பி இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம். துவாஸில் கப்பல் பட்டறை வேலை, மேற்கில் ஊழியர் தங்குவிடுதி. ஒருநாள் இரண்டு படங்கள் அனுப்பினார், இரண்டும் ஒரே இடம். முதலாவதில் செம்மஞ்சள் வானத்துக்குக் கீழே கம்பிகளில் துணி காய்கிறது, லாரி நிற்கிறது, படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவதில் துணி இல்லை, லாரி இல்லை, ஆட்களும் இல்லை. வானம் ஊதா.

"எதைப் போடப் போறீங்க அக்கா?"

"வீட்டுக்கு எதத் தம்பி அனுப்புனீங்க?"

"ரெண்டாவது. மொதப் படத்தப் பாத்தா, அம்மா அதுல இருக்க துணியத்தான் எண்ணும். வானத்தப் பாக்காது."

என்ன சொல்வது? அம்மா கவலைப்படாமல் இருக்க ஒரு பிள்ளை செய்ததை மேடை போட்டுக் கண்டிக்க நான் யார்? அது அவர்கள் வீட்டு விஷயம். ஒன்று மட்டும் சொன்னேன்: நிகழ்ச்சிப் பக்கத்தில் முதல் படத்தைப் போடுகிறேன், நீங்களும் அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது. படியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்த அண்ணன், வேலை முடிந்து நிரந்தரமாக ஊர் போகிறாராம். "சாயங்காலம் நாங்க எப்பவும் உக்கார்ற எடம் அக்கா அது. அந்தப் படம் இருக்குறது நல்லதாப் போச்சு. பெருசா பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்." ஊதா வானத்தை அவர் கேட்கவில்லை.

என் தொழிலில் எடிட்டிங் தினமும் நடப்பது. பேட்டியில் இருமலை வெட்டுவோம், 'வந்து... வந்து...' என்பதை எடுப்போம், மெல்லிய குரலைத் தூக்குவோம். ஆனால் பேசியவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஒட்டமாட்டோம். இருந்த ஒருவரை இல்லாமல் ஆக்கமாட்டோம். படத்துக்கும் அதே எல்லைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இருந்ததை இல்லை என்பது வேறு வேலை. அதைச் செய்தால், செய்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக், அட்டையின் செங்குத்து வடிவத்துக்குப் பொருந்தும்படி கீஸா பிரமிடுகளைக் கணினியில் ஒன்றோடொன்று நெருக்கி நகர்த்தியது. ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே! நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அசையாத பிரமிடை அசைத்தார்கள் என்ற பேச்சு இன்றுவரை போகவில்லை. 2015 உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில், இறுதிக்கு முந்திய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காடு எடிட்டிங் காரணமாக நீக்கப்பட்டன. உலகின் தலைசிறந்த செய்திப் படங்களிலேயே ஐந்தில் ஒன்று!

நம் வீட்டுப் படத்துக்கு நடுவர்கள் இல்லை, உண்மைதான். ஆனால் வருங்காலம் இருக்கிறது. 1961இல் தொழிற்பேட்டைக்கான வேலை தொடங்கும் முன் ஜூரோங் சதுப்பும் இறால் குளமுமாக இருந்தது. இங்கே தொழிற்பேட்டையா என்று பலர் சிரித்தார்கள். டாக்டர் கோ கெங் சுவீயின் பெயரைச் சேர்த்தே அந்தத் திட்டத்தைக் கேலி பேசினார்கள். அந்தச் சதுப்பும் முதல் புகைபோக்கிகளும் எப்படி இருந்தன என்று இன்று பார்க்க முடிகிறதென்றால், அன்று யாரோ 'அசிங்கமாக இருக்கிறது' என்று ஒதுக்காமல் எடுத்து வைத்ததால்தான். இப்போது பூன் லேயில் ஜூரோங் வட்டார ரயில்பாதை எழும்புகிறது. 24 நிலையங்கள், முழுப்பாதையும் தரைக்கு மேலே. பாரந்தூக்கி வானத்தைக் கெடுக்கிறதே என்று அதை அழிக்காதீர்கள். சில ஆண்டுகளில் அது போய்விடும், தூண்கள் நிலைத்துவிடும். நம் பிள்ளைகள் 'தூண் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?' என்று கேட்கும்போது காட்ட அந்தப் படம் வேண்டும்.

அந்த 20 நிமிடம்

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். சூரியன் மறைந்ததும் எல்லாரும் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கும் அதிலிருந்து ஆழ்ந்த நீலத்துக்கும் போகும். அந்த நேரத்தில்தான் புளோக்குகளின் தாழ்வார விளக்குகளும் சமையலறை விளக்குகளும் ஒவ்வொன்றாக எரியும். வானத்தின் வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும் சரிசமமாக நிற்கும் சில நிமிடங்கள் அவை. அப்போது மூன்று படங்களைச் சேர்க்கும் வித்தை எதுவும் வேண்டாம். கைபேசியைச் சுவரில் சாய்த்து அசையாமல் வைத்து எடுத்தாலே போதும்.

எடுத்ததை நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். எந்தப் பேட்டை, எந்த நேரம், படத்தில் இருப்பது என்ன என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் ஒலிபரப்பில் சொல்கிறேன். லாரி இருந்தால் இருக்கட்டும். துணி காய்ந்தால் காயட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.